அப்பாவின் டூல் பெட்டிக்கு எந்த பெயிண்ட்?

ஏழு டிராயர் உள்ள பெட்டி. அப்பா கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறையில் டர்னராக, அதாவது லேத் என்னும் கடைசல் மிஷினை ஓட்டுபவராக, இருந்தபோது, ஷிப்ட் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவரே செய்தது. 20 கேஜ் தகடு, அதாவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் கனம். அகலம் இரண்டடி, உயரம் ஒன்றேகால் அடி, ஆழம் ஓரடி. டிராயர்களுக்கு பேரிங் சேனல் எல்லாம் கிடையாது. தகட்டின் மேல் தகடு வழுக்கி ஓடும். ஒவ்வொரு டிராயரின் முகத்திலும் பெயர்ச் சீட்டு செருக ஒரு சின்னச் சட்டம். மூடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு, அதில் பட்டறையில் அவருக்குக் கொடுத்திருந்த டோக்கன் நம்பரை பஞ்ச் அடித்திருப்பார். சட்டங்களும் பித்தளைத் தகடும் ஈயம் வைத்துப் பற்றவைத்தவை. இந்த ஈயப்பற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நிறம், அந்தக் காலத்து லேத் பச்சை. பட்டறையில் மிஷினுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டையே பெட்டிக்கும் அடித்திருக்கிறார். நாற்பது வருஷத்தில் மூடி வெளுத்துப் போனது, அடிப்பக்கம் துரு ஏறியது, கைபடும் இடமெல்லாம் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து கறுத்தது. பெட்டி என் கைக்கு வந்ததும் நான் முடிவு செய்தது ஒன்றுதான்: திரும்ப அதே பச்சை வேண்டும். கடையில் ரெடியாக இருக்கும் ஏதோ ஒரு பச்சை அல்ல.

அதற்காக இரண்டு மாதம் பெயிண்ட் கடை, பவுடர் கோட்டிங் யூனிட், டிங்கரிங் கடை என்று அலைந்தேன். இரும்புப் பெட்டியோ, பீரோவோ, வெல்டிங் டிராலியோ, தனக்குப் பிடித்த நிறத்தில் மாற்ற நினைக்கிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது "எந்த பெயிண்ட் ஸ்ட்ராங்?" என்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் நமக்கென்று ஒரு நிறத்தை முடிவு செய்துவிட்டால், முதல் கேள்வி வேறு: அந்த நிறம், ஒரே ஒரு பெட்டிக்குத் தேவையான அளவில் கிடைக்குமா? அடுத்து, அந்தப் பெட்டியின் மேல் என்ன சிந்தப் போகிறது? பெட்ரோலா, கட்டிங் ஆயிலா, வெறும் கைவேர்வையா? மூன்றாவது, இரண்டு வருஷம் கழித்து ஸ்பானர் விழுந்து ஒரு இடம் பெயர்ந்தால் அதை யார், எப்படி ஒட்டுப்போடுவது? இந்த மூன்றுக்கும் ஒரே பெயிண்ட் நல்ல பதில் சொல்வதில்லை.

எந்த வழியில் போனாலும் முன்வேலை ஒன்றுதான், பாதி உழைப்பு அதில்தான் இருக்கிறது. டூல் பெட்டிக்கு முதல் எதிரி துரு அல்ல, எண்ணெய். நாற்பது வருஷ எண்ணெய் மடிப்புகளுக்குள் ஊறி இருக்கும். அதைத் துடைக்காமல் நேராக எமரி போட்டால், தேய்க்கத் தேய்க்க எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கும். அதன்மேல் அடிக்கும் பெயிண்ட் அங்கங்கே வட்டம் வட்டமாக விலகி, மீன்கண் மாதிரி குழி விழும். ஆகவே முதலில் மண்ணெண்ணெய் அல்லது தின்னரில் துடைத்து, அப்புறம் வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து இரண்டு தடவை கழுவினேன். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க டிங்கரிங் கடைக்காரர் ஒருவர் சொன்ன வழி மிக எளிது: மேலே ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் விரித்த துணி மாதிரி ஒரே படலமாகப் பரவினால் எண்ணெய் போய்விட்டது. முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் இன்னும் இருக்கிறது. என் பெட்டியில் மூன்றாவது கழுவலில்தான் தண்ணீர் பரவியது, கைப்பிடியைச் சுற்றி மட்டும் அப்போதும் திரண்டது.

பழைய பெயிண்டை உரசும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின பெயிண்டில், அதிலும் மிஷினுக்கு அடிக்கும் பெயிண்டில், ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த எமரி வேண்டாம், கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி ஓட்டவும் வேண்டாம். வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்து உரசினால் தூசி பறக்காது. வழிகிற பச்சைச் சேற்றைப் பழைய பேப்பரில் வழித்துக் கட்டிப் போடுங்கள், செடிக்கோ வாசலுக்கோ ஊற்றாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்த வேலையை வீட்டிலேயே செய்யாதீர்கள். தண்ணீர் போட்டு உரசிய இரும்பு ஒரு மணி நேரத்திலேயே மஞ்சள் பூத்துவிடும் என்பதால், நன்றாகக் காயவைத்து அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

பிரஷ்ஷால் அடிக்கும் சிந்தெடிக் எனாமலை யாரும் இப்போது மதிப்பதில்லை. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. அப்பா அடித்ததும் அதுதானே, நாற்பது வருஷம் நின்றிருக்கிறது. ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட், டர்பன்டைன், ஒரு நல்ல பிரஷ், அவ்வளவுதான் செலவு. என் பெட்டியின் வெளிப்பக்கம் மொத்தமே பன்னிரண்டு சதுர அடிக்குள் வரும், கால் லிட்டர் தாராளமாகப் போதும். நிற விஷயத்திலும் இது தாழ்ந்ததல்ல. டின்டிங் மிஷின் வைத்திருக்கும் கடையில் எனாமலிலும் நிறம் கலந்து தருகிறார்கள். மிஷின் இல்லாத கடையில்கூட ஐ.எஸ். நம்பர் சொல்லிக் கேட்கலாம். இந்தியத் தரநிலை 5 என்று ஒரு நிறப் பட்டியல் இருக்கிறது. மோட்டாருக்கும் மிஷினுக்கும் பெயிண்ட் வாங்குகிறவர்கள் "631 லைட் கிரே", "632 டார்க் அட்மிரால்டி கிரே", "537 சிக்னல் ரெட்" என்று நம்பரோடுதான் கேட்பார்கள். அந்த நம்பரைச் சொன்னால் எந்த ஊர்க் கடையிலும் ஏறக்குறைய ஒரே நிறம் வரும்.

எனாமலின் குறை, அது உலரும் விதத்தில் இருக்கிறது. டர்பன்டைன் ஆவியாவதோடு வேலை முடிவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் மெல்ல இறுகும். ஒரு நாளில் தொடலாம், ஆனால் நகம் படாத அளவுக்கு இறுக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். மூன்றாம் நாளே டிராயரை உள்ளே தள்ளி மூடினால் பெயிண்டும் பெயிண்டும் ஒட்டிக்கொள்ளும், இழுக்கும்போது தோலோடு வரும். நான் ஒரு தகட்டுத் துண்டில் அடித்து, மூன்றாம் நாள் பெட்ரோல் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் வைத்துப் பார்த்தேன். துணியின் நெசவு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. இன்னொன்று, வெள்ளை, கிரீம் போன்ற வெளிர் எனாமல் இருட்டில் மஞ்சளாகும். மூடியே கிடக்கும் டிராயரின் உள்பக்கத்துக்கு வெள்ளை எனாமல் அடித்தால், வெளியே வெள்ளையும் உள்ளே பழுப்புமாக நிற்கும்.

ஆனாலும் ஒட்டுப்போடும் விஷயத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. மிச்ச டப்பாவைத் திறந்து சின்ன பிரஷ்ஷால் தொட்டால் முடிந்தது. பட்டறையில் தினமும் அடிபடும் பெட்டி, பைக் மெக்கானிக் கடையில் தரையில் கிடக்கும் பெட்டி என்றால், நான் தயங்காமல் எனாமலைத்தான் சொல்வேன்.

ஸ்பிரே டப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 400 மில்லி டப்பா ஒன்று இப்படிப்பட்ட பெட்டியின் வெளிப்பக்கத்துக்கு ஒரு முழுச் சுற்று வரும். நல்ல மூடலுக்கு இரண்டு மூன்று டப்பா வேண்டும், பிரைமர் தனி. அப்போதே எனாமலைவிட இரு மடங்கு செலவாகிவிடுகிறது. பிரஷ் கோடு விழாமல் வழவழப்பாக வரும் என்பது உண்மை. ஆனால் நிறம், மூடியின் மேல் என்ன இருக்கிறதோ அதுதான். கறுப்பு, சிவப்பு, சில்வர் போதும் என்பவர்களுக்கு இது சரி. சில கார் பெயிண்ட் கடைகளில் கேட்ட நிறத்தைக் கலந்து டப்பாவில் அடைத்தும் தருகிறார்கள், அது கிடைத்தால் யோசிக்கலாம். இந்த டப்பாக்களில் பெரும்பாலானவை கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்பவை. அதனால் தின்னர் பட்டால் திரும்பக் கரைந்துவிடும், பெட்ரோலும் ஆகாது. மழைக்காலத்தில் ஈரக்காற்றில் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவதையும் ஒருவர் சொன்னார். எண்ணெய்க் கை படும் பெட்டிக்கு ஓரம் தூக்கிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பவுடர் கோட்டிங்தான் என்னை அதிக நாள் பிடித்து வைத்திருந்தது. கோவையில் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கமும் கணபதியிலும் சின்னச் சின்ன யூனிட்கள் நிறைய உண்டு. இதில் கரைப்பானே கிடையாது. மாவு போன்ற உலர்ந்த பவுடருக்கு ஸ்பிரே கன்னில் மின்னூட்டம் கொடுத்துத் தூவுவார்கள். எர்த் செய்யப்பட்ட இரும்பு அதை இழுத்து ஒட்டிக்கொள்ளும். பிறகு 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வைத்தால் பவுடர் உருகி, ஓடிச் சமமாகி, இறுகிவிடும். வெளியே எடுத்து ஆறியதும் டூலை அடுக்கலாம். ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல யூனிட் என்றால் முன்னதாக எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பெயிண்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பேட் ஏற்றும் தொட்டிகள் வரிசையாக இருக்கும். நீங்கள் போகும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது அடுப்பை அல்ல, அந்தத் தொட்டிகளை. தொட்டி இல்லாமல் துணியால் துடைத்துப் பவுடர் தூவும் இடத்தில் கொடுத்தால், இரண்டாம் மழைக்காலத்தில் ஓரத்திலிருந்து தோல் உரியும்.

நிறத்தில்தான் இது காலை வாரும். பவுடர் கோட்டிங்காரர்கள் பேசுவது ரால் நம்பரில். 1927இல் ஜெர்மனியில் நாற்பது நிறங்களோடு தொடங்கிய பட்டியல் அது, இப்போது இருநூற்றுக்கு மேல். எங்கே கேட்டாலும் 7035 இருக்கும், எலக்ட்ரிக் பேனல் போர்டுகளின் அந்த வெளிர்ச் சாம்பல். 7032 இருக்கும், கறுப்பு இருக்கும். என் லேத் பச்சைக்கு மிக நெருங்கிய நம்பர் 6011, ரெசெடா பச்சை என்பார்கள். பழைய மிஷின்களில் அதிகம் பார்க்கும் நிறம்தான். நான் போன மூன்று இடத்திலும் அது இல்லை. வரவழைக்கலாம், ஆனால் பவுடர் 20, 25 கிலோ பெட்டியாக வரும். என் பெட்டிக்கு டிராயர் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ சுற்றித்தான் செலவாகும். கலந்து நிறத்தைத் திருத்தவும் முடியாது. இரண்டு நிறப் பவுடரைக் கலந்தால் மூன்றாவது நிறம் வராது, உப்பும் மிளகும் கலந்த மாதிரி புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆக, "உங்களிடம் இன்றைக்கு ஓடும் நிறம் எது?" என்று கேட்டு அதில் திருப்திப்படுகிறவருக்கு இது முதல் தரமான வழி. குறிப்பிட்ட ஒரு நிறம்தான் வேண்டும் என்பவருக்கு, பெரிய ஆர்டர் யாராவது அதே நிறத்தில் கொடுக்கும் நாள்வரை காத்திருப்புதான்.

அடுத்தது அளவு. பவுடர் கோட் 60 முதல் 80 மைக்ரான் கனம் வரும், ஏறக்குறைய ஒரு தலைமுடி. ஒரு முடி கனம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். டிராயரின் வெளிப்பக்கம் ஒரு கோட், அதைத் தொடும் பெட்டியின் உள்பக்கம் ஒரு கோட், இதே மாதிரி மறுபுறமும் என்று நாலு கோட் சேர்ந்தால், கால் மில்லிமீட்டருக்கு மேல் அடைபட்டுவிடும். அப்பா விட்ட இடைவெளியே அரை மில்லிமீட்டர்தான். எண்ணெய் இல்லாமலே விரலால் தள்ளினால் உள்ளே போகும் டிராயர் அது. ஆகவே ஓடும் விளிம்புகளுக்கு மட்டும் சூடு தாங்கும் பச்சை டேப் ஒட்டச் சொல்ல வேண்டும். யூனிட்களில் அந்த டேப் வைத்திருப்பார்கள், நாம் கேட்டால்தான் ஒட்டுவார்கள்.

மாதிரிக்கு ஒரு டிராயரை மட்டும் 7035இல் கொடுத்துப் பார்த்தேன். மறுநாள் போனபோது டிராயர் மேஜைமேல் இருந்தது, முட்டை ஓடு மாதிரி சீரான சாம்பல் நிறம். பக்கத்தில் ஒரு பேப்பர் பொட்டலம். பிரித்தால், டிராயர் முகத்திலிருந்த சீட்டுச் சட்டம். அடுப்புத் தரையில் கிடந்ததாம். வெள்ளீயமும் காரீயமும் கலந்த சாதாரணப் பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். அடுப்போ 200. சட்டம் இருந்த இடத்தில் ஈயம் வழிந்து, அதன்மேலேயே பவுடர் இறுகி, இரண்டு சின்னச் சொட்டாக நின்றிருந்தது. அந்தச் சொட்டை விரலால் தடவிக்கொண்டே மூடியிலிருக்கும் பித்தளைத் தகட்டை நினைத்தேன். முழுப் பெட்டியையும் முதல் நாளே கொடுத்திருந்தால் அதுவும் பொட்டலத்தில்தான் வந்திருக்கும்.

இது என் பெட்டிக்கு மட்டுமான விஷயம் அல்ல. ஈயப்பற்று, ரப்பர், நைலான் சக்கரம், பிளாஸ்டிக் கைப்பிடி, பேரிங் சேனலின் கிரீஸ், ஒடுக்கு நிரப்பிய சாதாரண பட்டி, இவை எதுவும் அந்த அடுப்பைத் தாங்காது. கழற்ற முடிந்ததைக் கழற்ற வேண்டும், கழற்ற முடியாதது இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும். பழைய பெயிண்டை எடுக்க ஷாட் பிளாஸ்டிங் (சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்துச் சுரண்டுவது) செய்யலாமா என்று கேட்பார்கள். இவ்வளவு மெல்லிய தகட்டுக்கு வேண்டாம், அகலமான பக்கங்கள் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

கடைசி வழி, கார் பைக்குக்கு அடிக்கும் 2கே பியூ பெயிண்ட், அதாவது இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேன். பெயிண்ட் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும், மிச்சம் டப்பாவிலேயே கல்லாகிவிடும். இது காற்றை நம்பி இறுகுவதில்லை, இரண்டும் ஒன்றோடொன்று வேதிவினை புரிந்து இறுகுகிறது. அதனால்தான் பைக் டேங்கில் பெட்ரோல் வழிந்தாலும் நிற்கிறது. டூல் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான தாங்குதிறன் வேண்டியதில்லை. அடுப்பு தேவையில்லை என்பதால் ஈயப்பற்றும் பிழைக்கும், ஒடுக்கில் பட்டியும் வைக்கலாம்.

நிறத்துக்கு இதுதான் ராஜா. கலக்கும் கடையில் எலக்ட்ரானிக் தராசு வைத்து, சூத்திரப்படி சொட்டுச் சொட்டாக எடை போட்டுக் கலக்கிறார்கள். கால் லிட்டர்கூடக் கலந்து தருவார்கள். வண்டியின் கலர் கோடு சொல்லலாம், ரால் நம்பர் சொல்லலாம், பழைய பொருளையே கொண்டுபோய்க் காட்டலாம்.

ஆனால் இதை வீட்டு மாடியில் நீங்களே அடிக்க ஆசைப்படாதீர்கள். கம்ப்ரசரும் கன்னும் வாடகைக்குக் கிடைக்கலாம், கை பழகியும் இருக்கலாம். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதன் புகையைத் தொடர்ந்து இழுத்தால் ஆஸ்துமா வரலாம், வந்தபின் அடுத்த தடவை மிகக் கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் இதற்குச் சற்றும் உதவாது. டிங்கரிங் கடையில் கொடுக்கும்போதும், அடிக்கிற தம்பி முகத்தில் என்ன மாட்டியிருக்கிறார் என்று ஒரு பார்வை பாருங்கள். வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி வைத்திருக்கும் கடைக்குக் கூட நூறு ரூபாய் கொடுத்தாலும் தகும்.

இன்னொரு விஷயம். பழைய எனாமலின் மேல் நேராக 2கே அடித்தால் அதன் தின்னர் கீழே இருப்பதை இளக்கி, தோல் சுருங்கிய மாதிரி எழுப்பிவிடும். தின்னர் நனைத்த துணியை ஓர் ஓரத்தில் ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். பழைய பெயிண்ட் குழைந்தால் மொத்தமும் இரும்பு வரை எடுத்துவிட்டு எபாக்சி பிரைமரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

நிறத்தைப் பிடித்த கதையைச் சொல்ல வேண்டும். வெளுத்த மூடியைக் காட்டினால் வெளுத்த பச்சைதான் கிடைக்கும். மேல் டிராயரின் கைப்பிடியைக் கழற்றினேன். அதன் பாதத்துக்கு அடியில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, வெயிலும் எண்ணெயும் படாத பச்சை அப்படியே இருந்தது. வேப்பங்காயின் பச்சையில் கொஞ்சம் புகை கலந்த மாதிரி. கடைக்காரர் 6011இன் சூத்திரத்தில் ஆரம்பித்தார். முதல் கலவை டியூப் லைட்டில் அச்சு அசலாகப் பொருந்தியது. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்தால் புதியது நீலமாகத் தெரிந்தது. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்பது சகஜம், உள்ளே சேர்ந்த நிறமிகள் வேறு என்பதால் வருவது. மஞ்சளில் மூன்று சொட்டு, கறுப்பில் ஒரு சொட்டு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய பச்சையின் ஓரத்தில் ஒரு தொடு தொட்டு, உலரவிட்டு, வெயிலில் பார்த்தோம். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யவே கூடாது, காய்ந்தால் சாயல் மாறும். நாலாவது தொடுதலில் எல்லை தெரியாமல் கலந்தது. கலவையின் எடைகளை எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஹார்டனர் சேர்க்காத பெயிண்டில் 50 மில்லி ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வாங்கினேன். பின்னால் கீறல் விழுந்தால் தீக்குச்சி நுனியால் தொட்டு மறைக்க அது போதும். 2கேயின் ஒரே பெரிய குறை இந்த ஒட்டுப்போடுதல்தான், பெரிதாகப் பெயர்ந்தால் மறுபடி கன்னிடம்தான் போக வேண்டும்.

இரண்டு வழியையும் சேர்த்துச் செய்யலாமே என்று எனக்குத் தோன்றியது அந்தச் சாம்பல் டிராயரைப் பார்த்துதான். டிராயரின் உள்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் கீழே கிடக்கும் சின்ன இன்செர்ட்டும் (லேத் டூலின் வெட்டுமுனை) கிரப் ஸ்குரூவும் (தலையில்லாத குட்டி ஸ்குரூ) பளிச்சென்று தெரியும். டூலை வீசிப் போட்டு எடுக்கும் இடம், அதற்குப் பவுடரின் கனம்தான் சரி. அங்கே என் பச்சை தேவையுமில்லை, கடையில் எப்போதும் ஓடும் 7035 போதும். வெளிப்பக்கத்துக்கு நிறம் முக்கியம், அங்கே 2கே. பவுடர் கோட்டின் மேல் 600 வாட்டர் பேப்பரால் லேசாக மங்கலடித்துவிட்டு 2கே அடிக்கலாம், நன்றாகப் பிடிக்கும். ஆகவே டிராயர்கள் முழுதும் சாம்பல் பவுடர், முகப்பு மட்டும் உடலோடு சேர்த்துப் பச்சை.

சட்டங்களை என்ன செய்வது என்று அப்பாவிடம் கேட்டேன். "சட்டத்தைக் கழட்டிட்டு ரிவெட் அடிச்சுக்க. அன்னைக்கு ரிவெட் இல்லாமத்தான் பத்து வெச்சேன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மூடித் தகட்டை மட்டும் தொடாத கண்ணு."

உங்களுக்கு எது என்று கேட்டால், கறுப்போ சாம்பலோ போதும், பெட்டியில் பற்றும் பட்டியும் இல்லை என்றால் பவுடர் கோட்டிங்குக்கே போங்கள், யோசிக்க வேண்டாம். நிறம்தான் உயிர் என்றால் 2கே, ஆனால் கலக்கும் கடையில் அரை நாள் பொறுமையாக நிற்கத் தயாராக இருங்கள். கையில் காசு குறைவு, நேரம் நிறைய, பெட்டி பட்டறையிலேயே வாழும் என்றால் நல்ல எனாமலும் ஒன்றிரண்டு வார வெயிலும். எனக்குப் பவுடருக்கு 900, டிங்கரிங் கடையில் பிரைமர், பட்டி, கலவை, கூலி எல்லாம் சேர்த்து 2,800 ஆயிற்று. முன்வேலையை நானே செய்ததால் இவ்வளவோடு நின்றது. மழை ஓயட்டும் என்று தை வரை காத்திருந்துதான் கொடுத்தேன்.

டிங்கரிங் கடைத் தம்பி பெட்டியைப் பார்த்ததும் கேட்டது, "ஏனுங்ணா, இந்தத் தகட்டை எடுத்துட்டா மூடி ஒரே சீரா வருமுங்களே?" வேண்டாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தகட்டின்மேல் டேப்பை ஒட்டி, விளிம்போடு பிளேடால் வெட்டினார். தகட்டைச் சுற்றி வழிந்து உறைந்திருந்த பழைய ஈயத்தின் ஓரத்தில் எமரி போகவில்லை. அங்கே பழைய பெயிண்ட் நூல் கனத்துக்கு மிச்சம் இருந்தது. பிரைமர் படாமல் அதையும் டேப்புக்குள் சேர்த்தே மூடினார். இரண்டு நாள் கழித்து டேப்பை உரித்தபோது, பித்தளையைச் சுற்றி அந்தக் கோடும் அதை ஒட்டிப் புதுப் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பெட்டியை வாசலுக்குத் தூக்கி வந்து வெயிலில் வைத்தோம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். விரல் நுனியால் பழைய பச்சையிலிருந்து புதுப் பச்சைக்கு இரண்டு தடவை தடவினார். "நாலு சொட்டு மஞ்சள் போட்டிருக்கலாம்," என்றார்.